பச்சைக் குறி போட்ட பாதை

பூங்கா அலுவலகத்தில் அவளை டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அவள் மேல்சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. ஏரியைச் சுற்றியிருக்கும் நான்கு நடைபாதைகளையும் ஒவ்வொரு பருவமும் திறப்பதற்கு முன்னால் நடந்து பார்த்து, அளந்து, எது எந்த நிறம் என்று சொல்வது அவள் வேலை. பாறையும் ஏற்றமும் உள்ளதற்குச் சிவப்பு. கொஞ்சம் மூச்சு வாங்கவைக்கும் இரண்டுக்கு மஞ்சள். கரையை ஒட்டியே வளைந்து போய் நுழைவாயிலுக்கே திரும்பும் சின்னப் பாதைக்குப் பச்சை. பச்சை என்றால் படி இருக்கக் கூடாது, முந்நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சு வேண்டும், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற அகலம் வேண்டும். இதிலெல்லாம் அவள் ஒரு விரற்கடை கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒருமுறை ஒரு பெஞ்சு முந்நூற்றுப் பதினெட்டாவது மீட்டரில் கிடக்கிறது என்று நான்கு பேரை வைத்துப் பெயர்த்து நகர்த்தினாள். "உட்கார வர்றவன் டேப் எடுத்துட்டா வரப்போறான்?" என்று பெஞ்சைத் தூக்கியவர்கள் அவள் காதுபடவே முணுமுணுத்தார்கள்.

அப்படிப்பட்டவள் இந்த வருடம் பச்சைப் பாதையை நடக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பின்னால் அவளை அதிகம் அரித்தது அதுதான். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு வரவில்லை, எந்த அவசரமும் இல்லை. நான்கு நாள் விடாத மழை. சிவப்பையும் மஞ்சளையும் முடித்துவிட்டு வந்தபோது ஈரக் காலுறையில் குதிகால் கொப்புளித்திருந்தது. மணி நாலு. படிவம் மறுநாள் காலை மேலாளர் மேஜையில் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தது பச்சைப் பாதை மட்டும். இரண்டு கிலோமீட்டரும் இருநூறு மீட்டரும். அதில் கரை சதுப்பாகிற இடத்தில் ஒரு மரப் பாலம், அறுபத்திரண்டு பலகை. ஒவ்வொரு பலகையையும் குதிகாலால் ஓங்கி மிதித்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நல்ல மரம் 'டக்' என்னும். உளுத்தது 'பொத்' என்னும். கொப்புளக் காலோடு அறுபத்திரண்டு மிதி. தினமும் பார்க்கிற பாதைதானே என்று அவள் கருவிக் கொட்டகையில் உட்கார்ந்தாள். போன வருடப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபத்துமூன்று கட்டங்களையும் டீ ஆறுவதற்குள் நிரப்பிவிட்டாள். 'பலகைப் பாலம்: நல்ல நிலை.'

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் போன் செய்தார். எடுத்தது அவள்தான்.

"எங்க வீட்டம்மாவுக்கு முழங்கால்ல ஆபரேஷன் பண்ணி அஞ்சு மாசம் ஆச்சு. டாக்டர் நடக்கச் சொல்றாரு. தெருவுல நடக்க அவளுக்குப் பிடிக்கல. உங்க ஏரியில எந்தப் பாதை சுலபமா இருக்கும்?"

"பச்சைக் குறி போட்டது இருக்குங்க. தண்ணி ஓரமாவே போகும். கண்ணை மூடிட்டு நடக்கலாம்."

"அவ பயப்படுவா. நிஜமாவே சுலபந்தானே?"

"நான்தாங்க அளந்து பச்சை போட்டிருக்கேன். தைரியமா கூட்டிட்டு வாங்க."

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அந்தப் பெரியவர் அலுவலக வாசலில் வந்து விழாத குறையாக நின்றார். ஒரு காலில் செருப்பு இல்லை. சட்டை முழுக்க வியர்வை. பேச்சே வரவில்லை, கையை மட்டும் ஏரிப் பக்கம் நீட்டினார். பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். மரப் பாலம். பலகை போய்விட்டது. வீட்டம்மா கால் உள்ளே. தூக்க முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை.

டேப் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் இரண்டு பணியாளர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். பாதையின் முடிவுப் பக்கமாகப் போனால் பாலம் நானூறு மீட்டர்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த அம்மா பாலத்தின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்த கால் மேலே மடங்கிக் கிடந்தது. நல்ல கால் தொடை வரை பலகைக்குள் போய்விட்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அவர் எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. "அவருக்கு நெஞ்சு படபடப்பு உண்டு. இவ்வளவு நேரமாச்சே, வழியில எங்கயாவது விழுந்துட்டாரா?"

"நல்லா இருக்காரும்மா. ஆபீஸ்ல உட்கார வச்சிருக்கோம்."

"சரி. அப்ப என்னைத் தூக்குங்க."

தூக்கும்போது டேப் அக்கா உடைந்த பலகையைப் பார்த்தாள். மேல்தோல் மட்டும் சாம்பல் நிறத்தில் உருப்படியாக இருந்தது. உள்ளே கறுத்து, ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. ஒரு மிதி போதும், சொல்லியிருக்கும்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தாள். பாலத்துக்குச் சற்று முன்னால் 'நுழைவாயில் 400 மீட்டர்' என்று எழுதிய கட்டை ஒன்று நிற்க வேண்டும். மழையில் சாய்ந்து நாணலுக்குள் விழுந்து கிடந்தது. அது நின்றிருந்தால் பெரியவர் நேரே முன்னால் ஓடியிருப்பார். இல்லாததால், தெரிந்த வழி என்று வந்த பக்கமே திரும்பி ஓடியிருக்கிறார். ஆயிரத்து எண்ணூறு மீட்டர். அறுபத்தேழு வயதில். அந்த அம்மா அரை மணி நேரத்துக்கு மேல் தனியாகக் கிடந்தது அதனால்தான்.

மதியம் மேலாளர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், பயந்த சுபாவம். படித்து முடித்ததும் அவர் முகத்தில் தெளிவு வந்தது.

"ரெண்டு வாரம் முன்னாடிதான் பாத்திருக்கீங்க. நல்ல நிலைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் என்ன? மழை பெஞ்சுது, மரம் கெட்டுப்போச்சு. நம்ம கையில என்ன இருக்கு?"

மேலாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பாத்தீங்க இல்ல அக்கா?"

"ஆமா சார்" என்றாள்.

மறுநாள் அவள் மிச்சமிருந்த அறுபத்தொரு பலகையையும் மிதித்தாள். இன்னும் மூன்று 'பொத்' என்றன.

விஷயத்தைக் கணவனிடம் மட்டும் சொன்னாள். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். காலையில் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார். "நீயா போய் உடைச்ச? பலகைதானே உடைஞ்சுது. பதினோரு வருஷம் ஒழுங்கா பாத்தவ, ஒரு நாள் பாக்கல. இதப் போய் ஊர் கூட்டிச் சொல்லுவியா?"

"நீங்க பிரேக் பாக்காம ஒரு பஸ்ஸை வெளிய விடுவீங்களா?"

அவர் லேஸை இறுக்கிக் கட்டினார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனசு கேட்காமல் அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனாள். கையில் பழப் பை இருந்தது. அந்த அம்மாவுக்குக் கணுக்காலுக்கு மேல் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து தகடு வைத்திருந்தார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது. வார்டுக்கு வெளியே, லிஃப்ட் பக்கத்தில், ஒரு பெண் பெரியவரை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த மகள் என்று பார்த்ததும் தெரிந்தது. தாடை அப்பனை உரித்து வைத்திருந்தது.

"டாக்டர் நடக்கச் சொன்னா வீட்டு வாசல்ல நடக்கறது. யாருப்பா உங்கள ஏரிக்குப் போகச் சொன்னது? அம்மா வரமாட்டேன்னுதானே சொன்னாங்க?"

"சொன்னா."

"நீங்கதானே இழுத்துட்டுப் போனீங்க?"

"ஆமா."

"விழுந்தவங்கள விட்டுட்டு ஓடி, அதுவும் தப்பான பக்கம் ஓடி... நாலடி முன்னால போய்ப் பாக்கணும்னு தோணலையா?"

"தோணலம்மா. என் புத்தி அவ்வளவுதான்."

பெரியவர் ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடம் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் இருக்க வேண்டிய டேப் இல்லாமல் அந்தக் கழுத்து மொட்டையாக இருப்பதாக அவரே பின்னால் ஒருநாள் சொன்னார்; விபத்து நடந்ததிலிருந்து மெஷினில் உட்காரவே இல்லையாம். அன்றைக்கு டேப் அக்காவைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"நீங்கதானேம்மா அவளைத் தூக்கிட்டு வந்தது? ஆபீஸ்லேர்ந்து எட்டிப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்..."

"போன்ல ஒரு அம்மா பேசினாங்க. சுலபம்னுதான் சொன்னாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். சொன்னா நம்பிடறதா? நான் ஒரு தடவை முன்னாடி வந்து நடந்து பாத்திருக்கணும். கட்டினவளைக் கூட்டிட்டு வர்றவன் அது கூடச் செய்யலன்னா..." அவர் முடிக்கவில்லை.

அவள் பழப் பையை நீட்டினாள். அன்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சொல்வது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டே போனது. வாரத்துக்கு இரண்டு நாள் போனாள். சூப் வைத்துக்கொண்டு போனாள், அந்த அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள், மாத்திரைச் சீட்டை மருந்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த அம்மா வாயாடி. வலியோடு வலியாகப் பேசிக்கொண்டே இருப்பார்.

"அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. கொக்கு பார்த்தேன். இவர் மூச்சுக்கு முந்நூறு தடவை 'வலிக்குதா, வலிக்குதா'ன்னு கேட்டுட்டு வந்தார். அதுதான் எனக்கு வலி."

"அந்தப் பக்கம் ஒரு வளைவு இருக்கும்மா. அங்கேர்ந்து பாத்தா ஏரி முழுக்கத் தெரியும்."

"அடடா, முழு ஏரியும் பாக்காமலே காலை உடைச்சுட்டேனே."

அவர் சிரிப்பார். டேப் அக்கா முள் மேல் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் தையற்காரர் அவள் மேல்சட்டையைப் பார்த்தார். டேப்பின் கனத்தில் பை ஓரம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. "கழட்டிக் குடுங்கம்மா" என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மறு வாரம் திருப்பிக் கொடுத்தபோது பைக்கு உள்ளே தடித்த துணி வைத்து, மூலைகளில் இரட்டைத் தையல் போட்டிருந்தார். "ஒன்றரை மாசத்துக்கு அப்புறம் இதுக்காகத்தான் மெஷின்ல உட்கார்ந்தேன். ஆளுங்கள அளக்கறவன் நான். ஊரை அளக்கறவங்க நீங்க. ஒரே ஜாதின்னு வச்சுக்குங்க" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, "நானூறு மீட்டர்னு அப்புறந்தான் சொன்னாங்க. கடைக்குள்ள உட்கார்ந்தா அந்த நானூறு மீட்டர் கண்ணுக்குள்ள வந்து நிக்குது. நான் ஓடாத பக்கம்" என்றார்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவள் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். போட்டுக்கொள்ளக் கூசியது.

எட்டாவது வாரம் அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அன்று டேப் அக்கா போனபோது மகள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தையற்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து போர்வை விளிம்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"அம்மாவ எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றாள் மகள். "எவ்வளவு நாள்னு தெரியாது. அப்பாகிட்ட விட்டுட்டு என்னால நிம்மதியா இருக்க முடியாது."

"நான் வரலன்னு சொல்றேன், காதுலயே போட்டுக்க மாட்டேங்கறா" என்றார் அம்மா.

தையற்காரர் திரும்பாமலே சொன்னார். "போயிட்டு வா. அவ சொல்றதுதான் சரி. என்னை நம்பி வந்துதானே இந்தக் கோலம்."

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. முப்பத்தெட்டு வருடமாக ஒன்றாக இருந்தவர்கள். டேப் அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சூப் பாத்திரம் கையைச் சுட்டது. அவள் அதைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பாலத்த நான் பாக்கல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"வருஷா வருஷம் திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பலகையையும் மிதிச்சுப் பாக்கணும். அது என் வேலை. இந்த வருஷம் பாக்கல. பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கால்ல கொப்புளம், மழை... அதெல்லாம் ஒரு காரணமே இல்ல. போயிருந்தா அந்தப் பலகை உளுத்துப் போயிருந்தது தெரிஞ்சிருக்கும். நானூறு மீட்டர்னு போட்ட கட்டை விழுந்து கிடந்ததும் தெரிஞ்சிருக்கும். ஐயா தப்பான பக்கம் ஓடல. சரியான பக்கம் எதுன்னு சொல்ல வேண்டிய கட்டை அங்க இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "போன்ல சுலபம்னு சொன்னதும் நான்தான்."

மகள் கையிலிருந்த துணி பெட்டிக்கு வெளியே விழுந்தது.

"ரெண்டு மாசமா வந்துட்டுப் போறீங்க" என்றாள் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "ரெண்டு மாசமா! எங்கப்பாவ நான் வாய்க்கு வந்தபடி பேசறத நின்னு கேட்டுட்டு, சூப் வச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கீங்க!"

"ஆமா."

"எப்படிக்கா முடிஞ்சுது?"

டேப் அக்கா தரையைப் பார்த்தாள்.

தையற்காரர் திரும்பினார். அவர் கத்தவில்லை. "குரல் முதல் நாளே தெரிஞ்சுது" என்றார். "ஆஸ்பத்திரிக்கு நீங்க வந்த அன்னைக்கே. இருக்காதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அவங்களா இருந்தா சொல்லியிருப்பாங்களேன்னு." அவர் கண்கள் அவள் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பின. "கிளம்புங்கம்மா. இதுக்கு மேல இங்க இருந்தா நான் ஏதாவது சொல்லிடுவேன்."

அந்த அம்மா மட்டும் ஒன்று கேட்டார். குரலில் வழக்கமான குறும்பு இல்லை. "எனக்குத் தலை வாரிவிட்டதெல்லாம் இதுக்குத்தானா?"

"முதல்ல இதுக்குத்தாம்மா" என்றாள் டேப் அக்கா. "அப்புறம் இதுக்கு மட்டும் இல்ல."

அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நடைவழியில் போகும்போது பின்னால் மகள் அழுகிற சத்தம் கேட்டது. 'அப்பா' என்று ஒரு சொல் கேட்டது. நின்று கேட்க அவளுக்கு உரிமை இல்லை என்று பட்டது, படியிறங்கிப் போனாள்.

அங்கிருந்து நேரே மேலாளரிடம் போனாள். அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"முடிஞ்சு போனத ஏன் தோண்டறீங்க? எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க, அக்கா."

"அவங்களுக்கும் எழுதிடுங்க சார்."

"உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது. எழுதிடுங்க."

எழுதினார். நான்கு பாதைகளையும் பத்து நாள் மூடினார்கள். வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து எல்லாவற்றையும் புதிதாக அளந்தார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் அவள் கணக்கு அச்சு அசலாக இருந்தது என்று சொன்னார்கள். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தன்னால் செய்ய முடிந்த வேலையைத்தான் செய்யாமல் விட்டிருக்கிறாள் என்பதற்கு அது இன்னொரு சாட்சி. வேலை போகவில்லை. நுழைவாயில் டிக்கெட் கூண்டில் உட்காரவைத்தார்கள். அளவுச் சக்கரமும் படிவங்களும் வேறொருவர் கைக்குப் போயின. அந்த அம்மாவின் வைத்தியச் செலவைப் பூங்கா ஏற்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அதை மேலாளரே கொண்டுபோய்க் கொடுத்தார். பெரியவர் வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்.

"அந்தம்மா மக வீட்டுக்குப் போகல போல" என்றார் கூடவே. "பெரியவர்கூடத்தான் இருக்காங்க. மக அங்க வந்து ரெண்டு வாரம் இருந்துட்டுப் போனாங்களாம்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கூண்டுக்குள் திரும்பி உட்கார்ந்த பிறகு கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் மங்கலாகத் தெரிந்தார்கள்.

நான்கு மாதம் போனது. ஒரு சாயங்காலம் அவள் மார்க்கெட் பக்கத்து நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது தையற்காரர் எதிர்ச்சாரியிலிருந்து ரோட்டைக் கடந்து வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது. கடையிலிருந்து அப்படியே இறங்கி வந்திருக்க வேண்டும். அவர் இரண்டடி தள்ளி நின்றார்.

"உங்கள ரெண்டு மூணு தடவை இங்க பாத்தேன். வரலாமா வேண்டாமான்னு யோசிச்சு விட்டுட்டேன்" என்றார். "உங்க மேல கோவம் போகலம்மா. காலைல எழுந்து அவ கம்பைத் தேடறதைப் பாக்கும்போது, அன்னன்னிக்குப் புதுசா வருது."

"வரத்தான் செய்யும் ஐயா."

"ஆனா நீங்க சொன்ன அன்னைக்குத்தான் நான் தூங்கினேன். அதுக்கு முன்னால ரெண்டு மாசம் தூக்கம் இல்ல. எம் பொண்ணு என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டா. அது நீங்க சொல்லாட்டா நடந்திருக்காது." அவர் டேப்பின் நுனியை விரலில் சுற்றினார். "கோவமும் இருக்கு, இதுவும் இருக்கு. ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கிட்டு உங்கள தாண்டிப் போறது சரியில்லன்னு பட்டுது."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தெருமுனை வரைக்கும் நடக்கறா. என்னைப் பிடிச்சுக்க விடறதில்ல. பிடிச்சா திட்டறா."

அவள் சிரித்துவிட்டாள்; உடனே சிரித்ததற்காக வெட்கப்பட்டாள். அவரும் சிரிப்பு மாதிரி ஏதோ செய்தார்.

"வீட்டுக்கு வாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "அது அவதான் சொல்லணும். அவ இன்னும் சொல்லல."

"சரிங்க ஐயா."

பஸ் வந்து நின்றது. அவர் வழிவிட்டு ஒதுங்கினார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபோது அவர் ரோட்டைக் கடப்பதற்கு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார், வண்டிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. பஸ் கிளம்பி வளைவில் திரும்பும் வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதும் அவர் இந்தப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.